மடையில் சிக்கிய கல்

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து கோவளம் போகும் சாலையில் கடைகள் முடிந்ததும் உப்பளம் தொடங்கிவிடும். சனி ஞாயிறுகளில் கேமராவோடு வருகிறவர்கள் அங்கே நாரையையும் பூநாரையையும் தேடுவார்கள். எனக்குப் பிடித்தவை மடைகள். கழியிலிருந்து ஏற்றிய நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போவதில்தான் அளத்து வேலையின் சூட்சுமம் இருக்கிறது. வெயிலில் நீர் சுண்டும்; பதம் வந்ததும் மடையைத் திறந்து அடுத்த பாத்திக்கு விடுவார்கள். முதலில் படிவது சோற்றுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், முந்திக்கொண்டு அடியில் இறங்கிவிடும். உப்பின் முறை அதற்குப் பிறகுதான். எது எந்த அடர்த்தியில் கரைசலை விட்டு வெளியே வரும் என்பது அளத்துக்காரருக்கு அனுபவக் கணக்கு, வேதியியலாருக்குச் சமன்பாடு.

நம் வயிற்றின் வலது மேல் மூலையிலும் இப்படி ஓர் அளம் இருக்கிறது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது பித்தநாளம் என்ற வாய்க்கால் வழியாகச் சிறுகுடலின் முதல் வளைவில் போய்க் கொட்ட வேண்டும். நாம் சாப்பிடாத நேரத்தில் வாய்க்காலின் கடைமடை மூடியிருக்கும். நீர் எதிர்த்துப் பித்தப்பையில் ஏறும். பித்தப்பை சின்னப் பாத்திதான், 50 மில்லிக்கு மேல் பிடிக்காது. ஆனால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பித்தத்தை ஐந்து முதல் பத்து மடங்கு வரை கெட்டியாக்கிவிடும். கெட்டியான கரைசலில் என்ன நடக்கும் என்பதை உப்பளத்திலேயே பார்த்துவிட்டோம். கொழுப்பு கரையாமல் மிஞ்சினால் கொலஸ்ட்ரால் கல். சிதைந்த சிவப்பணுக்களின் நிறமியான பிலிருபின், கால்சியத்தோடு சேர்ந்து படிந்தால் நிறமிக் கல்.

எந்தக் கல் யாருக்கு என்பதில் நம் நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களிடையே பித்தக்கல்லைக் கணக்கெடுத்து 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வடக்கே வேலை செய்தவர்களுக்குத் தெற்கத்தியர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்றது அது. ஒரே முதலாளி, ஒரே மாதிரி வேலை, சாப்பாடு மட்டும் வேறு என்பதால் ரயில்வே அவருக்கு நல்ல சோதனைக்களமாக அமைந்தது. பிற்பாடு டாக்டர் வி. ஜெயந்தி போன்றவர்கள் தமிழ்நாட்டுக் கற்களையே உடைத்து ஆராய்ந்தார்கள். கோயம்புத்தூர் மாவட்டக் கற்களின் சேர்மானம் பற்றிய அவர்களது ஆய்வு 1998-ல் வந்தது. வடக்கே வெளிறிய கொலஸ்ட்ரால் கல் மிகுதி, நம் பக்கம் கறுத்த நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் மிகுதி என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவான பொதுச் சித்திரம்.

கல் பித்தப்பைக்குள் கிடக்கும் வரை பலருக்குத் தெரியவே தெரியாது. அது வழுக்கி வாய்க்காலில் இறங்கிக் கடைமடையில் உட்கார்ந்துகொண்டால்தான் வினை. பின்னால் நீர் கட்டும். பிலிருபின் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்குப் போகும். மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவதே குடலுக்கு வரும் பித்தம்தான். அது வராததால் மலம் களிமண்போல வெளிறும். உடம்பெல்லாம் அரிக்கும். தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் வலி, மஞ்சள், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் என்று மூன்றும் சேர்ந்து வரும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1877-ல் எழுதிவைத்த அந்த மூன்றையும் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

ஆனால் நம் ஊரில் கண் மஞ்சளானால் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு அல்ல, கீழாநெல்லிக்குத்தான். காலி மனையெல்லாம் முளைத்துக் கிடக்கிற செடி. என் பெரியம்மாவும் அதைத்தான் செய்தார். வெறும் வயிற்றில் அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து, இரண்டு வாரம் போக்கினார். கீழாநெல்லியைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் கீழாநெல்லியைப் பற்றி எழுதியது. அந்த வைரஸை நெடுநாள் சுமந்தவர்களில் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாக முடிவு. பின்னால் பிறர் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை என்பது தனிக் கதை. இங்கே பிரச்சினை வேறு. வைரஸ் காமாலையில் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். இடையில் எதைக் குடித்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். அடைப்புக் காமாலையில் மடையில் கல் உட்கார்ந்திருக்கிறது. இலையை அரைத்துக் குடித்து அதை நகர்த்த முடியாது. பெரியம்மாவுக்கு மூன்றாவது வாரம் குளிர்நடுக்கம் வந்தது.

நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "இ.ஆர்.சி.பி. பண்ணணும்" என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தநாளத்துக்குள் கீழிருந்து மேலே நுழைந்து, எக்ஸ்ரேயில் பார்த்து, கல்லை எடுப்பது. அப்போதுதான் நான் இந்த வித்தையைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். பிறகு, வேறோர் இடத்தில், தெரிந்தவர் தயவில் ஒரு காலை முழுக்க ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கவும் வாய்த்தது.

கடைமடைக்கு இரண்டு பேர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடலுக்குள் துருத்தி நிற்கும் சிறு மேட்டை 1720-ல் விவரித்தவர் ஜெர்மானியர் ஆபிரகாம் வாட்டர். அதற்குள் மடைக்கதவுபோல மூடித் திறக்கும் சுருக்குத்தசையை 1887-ல் தெளிவாக எழுதியவர் ருஜ்ஜேரோ ஒட்டி, அப்போது இத்தாலியில் 23 வயது மாணவர். இளம் வயதிலேயே பேராசிரியரானவர், போதைப் பழக்கத்தில் எல்லாவற்றையும் தொலைத்து, காங்கோவுக்குப் போய், 1913-ல் துனிஸ் நகரில் இறந்தார். ஒரு மருத்துவர் தினமும் பத்து முறை உச்சரிக்கிற பெயருக்குப் பின்னால் இப்படியொரு வாழ்க்கை.

உயிரோடிருப்பவரின் அந்த மடைக்குள் உள்நோக்கி வழியாக முதலில் குழாய் நுழைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூன். மல்ஹோத்ராவின் கட்டுரை வந்த அதே 1968. அவர் முயன்ற நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினருக்குத்தான் நாளம் தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தாரு ஒயி முதலான ஜப்பானியர்கள், பக்கவாட்டில் பார்க்கும் உள்நோக்கியைக் கொண்டு அதை நம்பகமான முறையாக்கினார்கள். அதுவரை படம் எடுக்க மட்டுமே பயன்பட்டது. 1974-ல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும், ஒருவரையொருவர் சாராமல், மின்கம்பியால் சுருக்குத்தசையைக் கீறிக் கல்லுக்கு வழிவிடும் முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு இது சிகிச்சையாகிவிட்டது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஹாம்பர்க்கில், இந்தோனேசியாவில் பிறந்த நிப் சுஹேந்திரா, அடைபட்ட நாளத்தில் பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டு வரலாம் என்று காட்டினார்.

இந்தியாவில் இதைப் பெரிய பள்ளியாகவே வளர்த்தவர் ஐதராபாத்தின் நாகேஷ்வர் ரெட்டி, எம்.டி. படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். 2025-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சைக்கு ஊர் விட்டு ஊர் போனார்கள். இப்போது தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, குரோம்பேட்டையில் ரேலா என்று ஈரல், குடல் நோய்ப் பிரிவுகள் உள்ள பெரிய மருத்துவமனைகள் பேருந்து தூரத்திலேயே இருக்கின்றன.

அறைக்குள் போவோம். சாதாரண எண்டோஸ்கோப்பி செய்யும் இடத்தைவிட இது ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் நெருக்கம். நடுவில் எக்ஸ்ரே மேசை. அதைக் கவ்வியபடி 'சி' எழுத்து வடிவில் வளைந்த எக்ஸ்ரே கருவி. எல்லோரும் சி-ஆர்ம் என்பார்கள். நோயாளி குப்புறப் படுத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, பல்லிடுக்கில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்தபடி மயக்கத்தில் இருப்பார். தலைமாட்டில் மயக்க மருத்துவர். குப்புறப் படுத்தவரின் மூச்சுப்பாதை எதிரே நிற்பவரின் ஸ்கோப்போடு ஒரே வாயைப் பங்குபோட்டுக்கொள்வதால், அவர் கண் மானிட்டரை விட்டு அகலாது.

ஸ்கோப் சுமார் ஒண்ணே கால் மீட்டர். வழக்கமான எண்டோஸ்கோப் முன்னால் பார்க்கும்; இது பக்கவாட்டில் பார்க்கும். பேருந்தில் டிரைவருக்குச் சாலை தெரியும், ஜன்னல் சீட்டுக்காரருக்குக் கடைப் பலகைகள்தான் தெரியும். இங்கே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டி ஓட்ட வேண்டும். மடை குடலின் பக்கச் சுவரில் இருக்கிறது, முன்னால் பார்த்தால் அது தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. தொண்டையிலிருந்து இரைப்பை வரை ஓரளவு குத்துமதிப்பாகவே இறக்குகிறார்கள். இரைப்பையின் வாசலைத் தாண்டியதும், கற்றுக்குட்டிகளைக் குழப்புகிற ஒரு காரியம் நடக்கிறது. மேலும் உள்ளே தள்ளுவதற்குப் பதிலாக மருத்துவர் ஸ்கோப்பை வலப்பக்கம் முறுக்கி வெளியே இழுக்கிறார். இழுக்க இழுக்க முனை முன்னேறுகிறது! இரைப்பையில் வளைந்து தொய்ந்து கிடந்த நீளம் நிமிர்வதால் இப்படி. நிமிர்ந்த பிறகு பல்லிலிருந்து 60 சென்டிமீட்டர் போல உள்ளே இருக்கும். மேடு நேர் எதிரே தெரியும். கொஞ்சம் இளஞ்சிவப்பு, நடுவில் ஊசித் துளைபோல ஒரு வாய். மேலே ஒரு மடிப்பு, முக்காடு போட்ட மாதிரி.

அந்த ஒரு வாய்க்குள் இரண்டு வாய்க்கால். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், பித்தநாளம் 11 மணித் திசையில் செங்குத்தாக மேலேறும். கணையத்தின் நாளம் 1 மணிப் பக்கம் நேராக உள்ளே போகும். மருத்துவருக்குத் தேவை முதலாவது. சும்மா நேராகக் குத்தினால் கிடைப்பதோ இரண்டாவது. ஆகவே ஸ்கோப்பின் முனையில் எலிவேட்டர் என்ற ஒரு குட்டித் தூக்கி இருக்கிறது; கருவியின் முனையை அது மேல்நோக்கி நிமிர்த்தும். கருவியும் நேராக இருக்காது. அதன் நுனியில் வில்லுக்கு நாண் கட்டியதுபோல ஒரு கம்பி. இழுத்தால் நுனி வளையும். இந்த நாண்தான் பிறகு மின்சாரம் பாய்ச்சினால் கத்தியாகவும் மாறும்.

அந்தக் கருவியின் வயிற்றுக்குள் இன்னொரு கம்பி: வழிகாட்டிக் கம்பி. 'ஒயர்' என்றுதான் அறையில் சொல்கிறார்கள். 0.025 அல்லது 0.035 அங்குலத் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளம் 450 சென்டிமீட்டர். எட்டு முழ வேட்டியையும் மிஞ்சும். நுனி மட்டும் வழுவழுப்பாக, தண்ணீர்ப் பாம்பின் வால்போலத் துவளும். முன்பெல்லாம் குழாயை நுழைத்து, அயோடின் டையைப் பீய்ச்சி, எந்த நாளம் என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். கணையத்துக்குள் டை அழுத்தமாகப் போனால் அது கோபித்துக்கொள்ளும். இப்போது முதலில் ஒயரைப் போகவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் அது முதுகெலும்பை ஒட்டி மேலேறிக் கல்லீரலை நோக்கிப் போனால் பித்தநாளம். எலும்பைக் குறுக்கே கடந்தால் கணையம். டை அதற்குப் பிறகுதான்.

அந்த ஒயரின் மறுமுனையைப் பிடித்திருக்கிற உதவியாளரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு கருவியை எடுத்து இன்னொன்றை ஏற்றும்போது, மருத்துவர் எவ்வளவு இழுக்கிறாரோ அதே அளவு இவர் உள்ளே தள்ள வேண்டும். ஒரு சாண் பிசகினால் ஒயர் வெளியே வந்துவிடும். அரை மணி நேர உழைப்பு போச்சு. "விடு... விடு... பிடி" என்ற மூன்று சொற்களில் அந்த உரையாடல் ஓடுகிறது. நான் பார்த்த அன்றைக்கு அந்த ஒயரைப் பிடித்திருந்த பெண் மானிட்டரைப் பார்த்ததைவிட மருத்துவரின் தோளைத்தான் அதிகம் பார்த்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "அவரு கை அசையறதுக்கு முன்னாடி தோள் அசையும் சார்" என்றார்.

நுழைய முடியாவிட்டால்? ஐரோப்பிய உள்நோக்கி மருத்துவச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மேட்டை 5 முறைக்கு மேல் தொட்டாயிற்று, அல்லது 5 நிமிடம் தாண்டிவிட்டது, அல்லது வேண்டாத கணைய நாளத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய்விட்டாய்: இவற்றில் எது நடந்தாலும் இது கடினமான மடை, வழியை மாற்று. இந்த விதியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கைத்தொழில் எதிலும் விடாமுயற்சியைத்தான் புகழக் கேட்டிருக்கிறோம். இங்கே விடாமல் முயல்வதுதான் ஆபத்து. ஒவ்வொரு குத்துக்கும் மேடு வீங்கும், வாய் இன்னும் சுருங்கும், கணையத்தின் வடிகால் அடைபடும். வழியை மாற்றுவது என்றால் பல உண்டு. தவறிப்போய்க் கணையத்துக்குள் நுழைந்த ஒயரை அங்கேயே விட்டுவிட்டு, அதையே அடையாளமாக வைத்து இரண்டாவது ஒயரால் பித்தநாளத்தைத் தேடலாம். ஊசிமுனைக் கத்தியால் மேட்டின் கூரையை மெல்லக் கீறலாம். அதுவும் ஆகாவிட்டால் இன்னொரு நாள் வரலாம், இன்னொருவரிடம் அனுப்பலாம். கடைசி இரண்டையும் செய்யத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும் என்று தோன்றுகிறது.

கணையம் கோபித்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலின் நிரந்தரக் கவலை. நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்துப் பேர் வரை சிகிச்சைக்குப் பின் கணைய அழற்சியோடு படுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் தணியும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு விலை உயர்ந்த மருந்துகள் பலவற்றை முயன்று களைத்த பிறகு, 2012-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. அபாயம் அதிகமுள்ள 602 பேர். ஒரு பாதிப் பேருக்கு, வலிக்குக் கொடுக்கும் பழைய இண்டோமெதசின் மருந்தை 100 மில்லிகிராம் அளவில் ஆசனவாயில் வைத்தார்கள். அழற்சி 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாக இறங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா ஊரிலும் மேசைக்கு வரும் நோயாளிக்கு அந்த மலிவு மாத்திரையோ அதன் சகோதரன் டைக்லோஃபெனாக்கோ முதலில் போய்விடுகிறது. இன்னொரு நல்ல முடிவு, அவசியமில்லாதவருக்கு இதைச் செய்யாமலே இருப்பது. கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இன்று யாரும் ஸ்கோப் விட வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ.யில் பித்தநீரே வெள்ளை மரம்போலத் தெரிந்துவிடும்.

ஒயர் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நாண்கம்பியில் மின்சாரம் பாய, மேடு 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பிளக்கிறது. வெட்டுவதும் உறைய வைப்பதும் மாறி மாறி வருமாறு மின்சாதனமே பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் புகை, ஓரம் வெளுக்கிறது, பித்தம் தங்க நிறத்தில் வழிகிறது. அதிகம் வெட்டினால் குடல் ஓட்டையாகும், ரத்தம் பெருகும். குறைவாக வெட்டினால் கல் வராது. பெரிய கல்லுக்குச் சின்ன வெட்டுப் போட்டுவிட்டு, பலூனால் வாயை விரிப்பது இப்போது பரவலான வழி.

மடையைக் கீறிவிட்டால் அது பழையபடி மூடாது. நம் ஊரில் இது பெரிய சங்கடமில்லை. காஷ்மீரில் அப்படியில்லை என்று காட்டியவர் மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ. குடலில் வாழும் உருண்டைப்புழு ஊர்ந்து மடைக்குள் ஏறி நாளத்தை அடைத்த 500 நோயாளிகளைப் பற்றி அவர் குழு 1990-ல் லான்செட்டில் எழுதியது. அங்கே உயிருள்ள புழுவை ஸ்கோப் வழியாகப் பிடித்து இழுத்து வெளியே போடுகிறார்கள், மடையைக் கீறுவதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். கீறினால் அடுத்த புழுவுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

கல்லை எடுக்க இரண்டு கருவிகள். ஒன்று, கல்லுக்கு மேலே போய் ஊதி, அடைப்பானைப்போல இழுத்து வரும் பலூன். மற்றது கம்பிக் கூடை. சிறுநீர்க்குழாய்க் கல்லுக்காக இத்தாலியச் சிறுநீரக மருத்துவர் டோர்மியா செய்தது, இங்கே இரவல் வந்தது. பழுப்பு நிறமிக் கல் சேறுபோல நசுங்கும், எடுக்கவும் சுலபம். கொலஸ்ட்ரால் கல் சில சமயம் கூடைக்குள் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். கூடையும் வராது, கல்லும் விடாது. அப்போது கூடையின் கம்பியை ஒரு கைராட்டினத்தில் மாட்டிச் சுற்றுவார்கள். இரும்பு உறைக்கு எதிராக இறுகி இறுகிக் கல் படீரென்று உடையும்.

இத்தனையும் ஈயத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறது. எக்ஸ்ரே ஓடும்போது அறையில் இருக்கும் எல்லோரும் முன்னும் பின்னும் ஈய உடுப்பு, கழுத்தில் ஈயப் பட்டை. உடுப்பு சில கிலோ எடை. வெளியே சித்திரை வெயில், உள்ளே ஏ.சி. இருந்தும் உடுப்புக்குள் வியர்வை ஓடும். அன்று காலை ஐந்தாவது நோயாளியின்போது மருத்துவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர்கள் அஞ்சுவது நேராக வரும் கதிரை மட்டுமல்ல, நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவதையும்தான். சொல்லப்போனால் படுத்திருப்பவர்தான் அறையில் ஒளிரும் விளக்கு. தூரம் இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனால் ஸ்கோப்பைப் பிடித்தவர் எங்கே தள்ளி நிற்பது? எனவே எக்ஸ்ரே குழல் மேசைக்கு அடியில் இருக்க வேண்டும், அப்போது சிதறல் முகத்துக்கு வராமல் காலுக்குப் போகும். மிதிகட்டையை அழுத்திக்கொண்டே இருக்காமல் தொட்டுத் தொட்டு விட வேண்டும். கண்ணின் லென்ஸ் நினைத்ததைவிட மென்மையானது என்று தெரிந்த பிறகு, 2011-ல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கான வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து 20-க்கு இறக்கியது. ஈயக் கண்ணாடி அணிவது அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. ஆனாலும் மூக்குக் கனக்கிறது என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு.

ஈய உடுப்புக்குள், மார்பில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் அணிவதும் இதே வகைதான். அதற்குள் மூன்று சிறு வில்லைகள். கதிர் பட்டால் வில்லையில் ஆற்றல் சிறைப்படும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளியேறும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். மருத்துவமனைகளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்ஜ்கள் போய்க் கணக்கோடு திரும்பும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய அந்த வில்லையில் இருக்கும் பொருள் என்ன தெரியுமா? கால்சியம் சல்பேட், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமத்தைத் துளியூண்டு சேர்த்தது. கேளம்பாக்கம் பாத்தியில் உப்புக்கு முந்தி அடியில் இறங்குகிறதே, அதன் சொந்தக்காரன்!

ஈயத்தைவிடச் சத்தமில்லாமல் உடம்பைத் தின்பது வேறொன்று. ஸ்கோப்பின் இரண்டு சக்கரங்களையும் எலிவேட்டர் நெம்புகோலையும் இடது கட்டைவிரலே ஆட்சி செய்கிறது. வருடக்கணக்கில் இப்படிச் செய்தவர்களுக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டில், கழுத்தில், இடுப்பில் வலி நிரந்தரக் குடியிருப்பாகிவிடும். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நேர் எதிரே இருக்க வேண்டும் என்பது எளிய விதி. ஆனால் அறைகளில் திரை பெரும்பாலும் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே தொங்குகிறது. எக்ஸ்ரேத் திரை ஒரு மூலை, ஸ்கோப் திரை ஒரு மூலை. நடுவில் மருத்துவரின் கழுத்து.

வேலை முடிந்தபின் ஸ்கோப்பின் வேலை தொடங்குகிறது. சாயங்காலம் பாத்திரம் துலக்குவதைப்போல என்று நினைத்தால் தவறு. முனையிலிருக்கும் அந்தக் குட்டித் தூக்கியின் பின்பக்க இடுக்குகளில் சளியும் பித்தமும் ஒட்டும். அதை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை பிரஷால் தேய்க்க வேண்டும். நொதிக் கரைசல், கழுவல், கிருமிநாசினி, மறுபடி கழுவல், ஆல்கஹால், காற்று. 2015-ல் லாஸ் ஏஞ்சலீஸின் பல்கலைக்கழக மருத்துவமனையில், விதிப்படி கழுவிய ஸ்கோப்புகளிலிருந்தே மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றி ஏழு பேர் படுத்து, அவர்களில் இருவர் இறந்தார்கள். உலகம் முழுக்க அப்போதுதான் இந்த இடுக்கைக் குனிந்து பார்த்தது. 2019-ன் இறுதியில், ஒரே முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் ஸ்கோப்புக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது; அதன் விலை நம்மைப்போன்ற இடங்களுக்குத் தாங்காது. நமக்கு இருக்கும் வழி பிரஷும் பொறுமையும்தான், கூடவே நன்றாக உலர்த்துவது. கழியோரக் காற்றில் கொடியில் போட்ட துணியே காயாத கார்த்திகை மாதத்தில், 4.2 மில்லிமீட்டர் துளைக்குள் இருக்கும் ஈரம் தானாகப் போகாது. அழுத்தக் காற்றால் ஊதி, செங்குத்தாகத் தொங்கவிட்டு வைக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு முதல் தடவை கல் முழுதும் வரவில்லை. காய்ச்சலோடு இருப்பவரை நெடுநேரம் மேசையில் வைக்கக் கூடாது என்று, கல்லைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து நீரை வடியவிட்டு அனுப்பினார்கள். அது சரியான முடிவு. முதலில் வெள்ளம் வடிய வேண்டும். இரண்டாம் தடவை கல் வந்தது, பாதுகாப்புக்காகப் புது ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். பிறகு பித்தப்பையையும் எடுத்தாயிற்று. ஸ்டென்ட்டின் பருமன் 10 ஃபிரெஞ்ச், அதாவது மூன்றே கால் மில்லிமீட்டர் போல. பிளாஸ்டிக் என்பதால் அதன் உட்சுவரில் பாக்டீரியா படலம் கட்டும், அதில் பித்தச் சேறு ஒட்டும். மூன்று மாதத்தில் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில் அது ஆங்கிலத்தில் இருந்தது. கண் வெளுத்துவிட்டது, அரிப்புப் போய்விட்டது, பெரியம்மா மீன்குழம்புக்குத் திரும்பிவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மறுபடி அந்தக் குழாய்?" என்றார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் சேர்த்து. மறந்துபோன ஸ்டென்ட் என்று மருத்துவ ஏடுகளில் ஒரு தலைப்பே இருக்கிறது என்பதை அப்புறம்தான் கண்டேன்.

14 மாதம் கழித்து மறுபடி குளிர்நடுக்கம். இந்த முறை கீழாநெல்லிப் பேச்சு எழவில்லை. மேசையில் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது: மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முனையைச் சுருக்குக் கம்பியில் மாட்டி இழுத்தார்கள், பலூனால் நாளத்தை ஒரு முறை துடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் ஒரு கிட்னி டிரேயில் அதைக் கொண்டுவந்து காட்டினார். நீல நிறமாக உள்ளே போனது கறுப்பாக வந்திருந்தது, துளை முழுக்கக் களிம்பு. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லைத் தரவில்லையே, இதையாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார்.

"இல்லம்மா, தரக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அதைச் சிவப்புப் பையில் போட்டார்.